டீச்சர் உயிரோடு இருக்க எத்தனை அடி உயரம்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். சாமி விஷயமும் கம்பி விஷயமும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கிடக்கிற கதை இது. பக்தி உள்ளவர்கள் படித்தால் நான் கேலி செய்வதாக நினைத்துவிடக் கூடாது. வேலை தெரிந்தவர்கள் படித்தால் இந்த ஆளுக்கு வேலையே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. போதாததற்கு என் சம்பந்தி, அச்சில் வருகிற எதையும் விடாமல் படிக்கிறவர்.

ஆனால் சமீபத்தில் ஒரு வீட்டு மாடியில், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர் ஆண்டெனாக் கம்பம் நடுவதைப் பார்த்தேன். சும்மா இருக்க முடியாமல், "எவ்ளோ உயரம் வெக்கப் போறீங்க?" என்று கீழே இருந்து குரல் கொடுத்தேன். "எவ்ளோ முடியுமோ அவ்ளோங்க" என்று பதில் வந்தது. அது என்னுடைய பதில். வேலை பார்த்த காலம் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்த பதில். அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருவண்ணாமலையில் வீட்டு மொட்டை மாடிகளில் டி.வி. ஆண்டெனா கட்டித்தான் என் கல்யாணம் நடந்தது, பெண்ணும் படித்தாள். அந்தக் காலத்தில் உயரம்தான் படம். கம்பத்தில் ஒரு குழாய் கூட்டினால் திரையில் கொட்டும் வெள்ளைப் புள்ளிகள் கம்மியாகும். அண்ணன் வீட்டுக் கம்பத்தைவிட என்னுடையது உசரமாக வேணும் என்று கேட்கிற தம்பிகள்தான் எனக்குச் சோறு போட்டார்கள். டிஷ் வந்து அந்தப் பிழைப்பு போனதும் ரேடியோ கம்பங்களுக்குப் போனேன். லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே இராத வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, ஹாம் ரேடியோக்காரர்கள், அவர்களுக்குத்தான். நல்ல மனிதர்கள். லாபம் இல்லாத ஒரு வேலைக்காக வெயிலில் நம்மோடு மாடியில் நிற்பார்கள்.

டீச்சரை அப்படித்தான் தெரியும். கீழ்பென்னாத்தூரில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். அங்கே சொந்த வீட்டில், இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு பல வருஷம் உலகத்தோடு பேசிவந்தார். பேசுவது என்றால் வாயால் அல்ல. மோர்ஸ். டிக்-டிக்-டா என்று கட்டையைத் தட்டுகிற தந்தி மொழி. முழங்கால் வலி வந்ததும் மகன் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்துவிட்டார். மகன் பேங்க்கில் வேலை. வீடு மலைக்குத் தென்கிழக்கே, என் சம்பந்தி வீட்டுக்கு நேர் எதிரே. வீடு மாற்றியது, முழங்கால் ஆபரேஷன் என்று ஆறேழு மாதம் ரேடியோ பெட்டி அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

ஒரு நாள் காலை டீச்சர் ஆளனுப்பினார். போனேன். கூடத்தில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேஸ்திரி. நான் செத்துட்டேன்" என்றார்.

நான் நெற்றி விபூதியைத் தொட்டுக்கொண்டேன்.

"சும்மா சொல்லலைங்க. ஹங்கேரியில எங்க ஹாம் சங்கம் ஒண்ணு இருக்கு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை கூடுவோம், ரேடியோவிலதான். ஆறு மாசமா என் சத்தம் இல்லையா, போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க. பத்திரிகையில எனக்கு இரங்கல் போட்டிருக்காங்க. நல்லாத்தான் எழுதியிருக்கார் சங்கத்துப் பெரியவர். வயசைத்தான் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டார்."

"ஒரு மெயில் போட்டா முடிஞ்சுது இல்லீங்களா டீச்சர்?"

மகன் உள்ளே இருந்து வந்தார். முகம் சுண்டியிருந்தது. "போட்டோம் மேஸ்திரி. 'நான் உயிரோட இருக்கேன்'னு அம்மாவே டைப் பண்ணி அனுப்பினாங்க. பதில் யாருக்கு வந்துது தெரியுமா? எனக்கு. தாயார் போன துக்கத்துல உங்களுக்கு மனசு சரியில்லைன்னு புரியுது, ஆனா இறந்தவங்க பேர்ல கடிதம் எழுதறது நல்லதில்லைன்னு அட்வைஸ் பண்ணியிருக்காங்க."

"வீடியோவுல மூஞ்சியைக் காட்டிடலாமே?"

"அவங்க என் மூஞ்சியைப் பார்த்ததே இல்லையேங்க" என்றார் டீச்சர். "குரலும் கேட்டதில்லை. வேற யாரோ ஒரு கிழவியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கான் பையன்னு சொல்லுவாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது என் கை மட்டும்தான். மோர்ஸ் தட்டறதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை இருக்கு, கையெழுத்து மாதிரி. நான் கடைசியில வர்ற 'டா'வை, அந்தக் கோட்டை, ஒரு இழுப்பு இழுப்பேன். அதைக் கேட்டாத்தான் நம்புவாங்க. ரெக்கார்டு பண்ணி அனுப்பினா, பழசை எடுத்து அனுப்பியிருக்கான்னு சொல்லுவாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு மௌன அஞ்சலி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள என் தட்டு அங்க போய்ச் சேரணும். அஞ்சலியும் முடிஞ்சிடுச்சுன்னா அப்புறம் அவ்ளோதான் மேஸ்திரி, திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம்."

சிரிப்பு வந்தது. ஆனால் டீச்சர் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவருடைய வயதில் நண்பர்கள் என்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றுதான். அங்கே அவருக்குக் காரியமே முடியப் போகிறது.

மகன் ஏற்கெனவே ஒரு பீம் ஆண்டெனா வாங்கி வைத்திருந்தார். பழைய டி.வி. ஆண்டெனாவை ராட்சசனுக்காகச் செய்தால் எப்படியோ அப்படி. அது எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் பேசும், அந்தப் பக்கம்தான் கேட்கும். அதனால் கம்பத்து உச்சியில் ஒரு மோட்டார். அறைக்குள் பொத்தானை அழுத்தினால் மேலே ஆண்டெனா திரும்பும்.

"எவ்ளோ உயரம் வெச்சா ஹங்கேரி கேக்கும்?" என்று கேட்டார் டீச்சர்.

"எவ்ளோ முடியுமோ அவ்ளோங்க" என்றேன்.

ஒரு குழாய்க்குள் ஒரு குழாய் செருகி, பக்கத்தில் வின்ச் வைத்து இரும்புக் கயிற்றால் ஏற்றி இறக்குகிற கம்பம் ஒன்று என்னிடம் இருந்தது. மாடியில் நட்டேன். முழுக்க ஏற்றினால் தரையிலிருந்து எழுபது அடிக்கு வரும். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வின்ச்சைச் சுற்றினேன். ஆண்டெனா மேலே போகப் போக எனக்கே பெருமையாக இருந்தது.

உச்சிக்குப் போனதுதான் தாமதம், எதிர் வீட்டு வராந்தாவிலிருந்து குரல்.

"சம்பந்தி! கோபுரத்தைவிட உசரமா ஊர்ல எதுவும் நிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சம்பந்தி, ராஜகோபுரம் எங்க, இந்தக் குழாய் எங்க. மூணுல ஒரு பங்கு வராதுங்க."

"என் நாற்காலியில உக்காந்து பாருங்க. கோபுரத்துக்கு மேல ஒரு முழம் நிக்குது."

போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் உண்மையாகவே கலசத்துக்கு மேலே ஆண்டெனா நின்றது. பக்கத்தில் இருக்கிற பொருள் பெரிதாகத் தெரியும் என்று டீச்சர் மாடியிலிருந்தே விளக்கம் கொடுத்தார். சம்பந்தி அசையவில்லை. என் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பா, ஏதாச்சும் பண்ணுங்க. நான் இந்த வீட்டுல இருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் யோசித்துவிட்டு, சம்பந்தியை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியைத் தூண் ஓரமாக நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்து பார்த்தார். இப்போது தூண் மறைத்ததில் ஆண்டெனாவே தெரியவில்லை.

"இது சரி" என்றார். நிஜமாகவே திருப்தி அவருக்கு.

அன்று மாலை மோட்டாரைச் சோதித்தோம். எந்த ஆண்டெனாவையும் கிழக்கு முகமாகப் பூட்டுவது என் வழக்கம். ஹங்கேரி வடமேற்கில். டீச்சர் பொத்தானை அழுத்தினார். ஆண்டெனா கிழக்கிலிருந்து வடக்கே திரும்பி, மெல்ல வடமேற்குக்கு நகர்ந்தது. தெருவில் கூடையோடு போய்க்கொண்டிருந்த பூக்காரம்மா நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஐயையோ, இன்னாங்க இது? இடமா சுத்துது!"

தெரு நின்றுவிட்டது. கிரிவலம் போகிற ஊர் இது. மலையை வலமாகத்தான் சுற்றுவோம். கோயிலில் நின்ற இடத்தில் நம்மை நாமே சுற்றிக்கொண்டாலும் வலமாகத்தான். பூக்காரம்மா விடவில்லை: "மலையைப் பாக்கறதுக்கு இடமா திரும்புதே, வீட்டுக்கு ஆகுமா? தெருவுக்கு ஆகுமா?" தூணுக்குப் பின்னாலிருந்து சம்பந்தியும் எட்டிப் பார்த்தார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. தெருவுக்குப் பயந்துதான் ஒத்துக்கொண்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. அது வடக்கே திரும்பும்போதே என் மனசுக்கு ஒப்பவில்லை. என் கையால் பூட்டிய பொருள், அண்ணாமலையாருக்கு நேராக அப்பிரதட்சணம் போகிறது. பூக்காரம்மா சொல்லியிருக்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

"டீச்சர், வலமாவே சுத்திப் போயிடலாங்க. கிழக்குல இருந்து தெற்கு, மேற்கு, வடமேற்கு. கொஞ்சம் தூரம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

டீச்சர் பௌதிகம் நடத்தியவர்தான். ஆனால் அவரும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்தவர், முழங்கால் போகும் வரைக்கும். "உலகம் உருண்டைதானே" என்றார். "எந்தப் பக்கமா போனாலும் ஹங்கேரி வரும்."

ஒரு சிக்கல். ஒரு சுற்றுக்கு மேல் போகாதபடி அந்த மோட்டாருக்குள் ஒரு தடுப்பு இருக்கும். போன வழியே திரும்பி வந்தால்தான் உண்டு. திரும்பி வருவது இடமாகச் சுற்றுவது. அதனால் தடுப்பை நானே கழற்றிவிட்டேன். இனி வலமாக எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம். தெரு கைதட்டியது. அந்தத் தடுப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை, ஆண்டெனா வேலையில் தலை நரைத்த நான், அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை.

அடுத்த இரண்டு நாள் டீச்சர் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கிழக்கே திருப்பினால் ஜப்பான்காரர் பக்கத்து வீடு மாதிரி கேட்டார். தெற்கே ஆஸ்திரேலியா. வடமேற்கே திருப்பினால் அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும். ஹங்கேரி இல்லை, ஐரோப்பாவே இல்லை.

"உயரம் பத்தலை மேஸ்திரி" என்றார் மகன்.

"ஆமாங்க, பத்தலை" என்றேன். உச்சியில் இன்னொரு குழாயைக் கூட்டினேன். எண்ணெய்ச் சத்தம் மட்டும் ஜாஸ்தியானது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. டீச்சருக்கு வெளிநாட்டில் காரியம் நடக்கிறது, அதை நிறுத்தப் போகிறார்கள் என்று. மாடிக்கு மாடி ஜனம். யாரோ சுண்டல் வேறு கொண்டுவந்திருந்தார்கள். மாடி அறையில் டீச்சர், காதில் ஹெட்போன். வின்ச் பக்கம் நான். எனக்கும் டீச்சருக்கும் நடுவே வாசற்படியில் மகன். எதிர் மாடியில் சம்பந்தி.

ஆண்டெனா வடமேற்கே பார்த்து நின்றது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். "ஏதோ இருக்கு. இன்னும் துளி தள்ளி." பொத்தானை அழுத்தினார். மோட்டார் துளி தள்ளி நிற்காமல் வடக்கைத் தாண்டிப் போய் நின்றது.

"பின்னாடி கொண்டாங்கம்மா" என்று மகன் வாய் திறந்ததும் தெருவே "வலமா! வலமா!" என்றது. முழுச் சுற்று போக வேண்டும். கிழக்கு, தெற்கு, மேற்கு. ஆண்டெனா மலைக்கு நேராக வரும்போது பூக்காரம்மா "அரோகரா" என்றார், எல்லா மாடியிலும் கை கூப்பினார்கள். அந்தப் பக்தியில் டீச்சரும் ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டார். பொத்தானை விட மறந்தார். மறுபடி வடக்கு.

"இன்னொரு சுத்து" என்றார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் மேலே ஒரு முனகல் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். ஆண்டெனாவிலிருந்து அறைக்கு வருகிற தடித்த கேபிள், இத்தனை நாள் போட்ட பிரதட்சணத்தில், கம்பத்து உச்சியில் பம்பரக் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு கிடந்தது. உபரியாக விட்டிருந்த நீளமெல்லாம் தீர்ந்துபோய், கேபிள் வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. தடுப்பு எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொரு அரைச் சுற்று போனால் அறுந்துவிடும். அறுந்தால் டீச்சர் போனவர் போனவர்தான்.

"மேஸ்திரி, ரெண்டு சுத்து இடமா விட்டா பிரிஞ்சிடும் இல்ல?" என்றார் மகன், தெருவுக்குக் கேட்காத குரலில்.

சம்பந்திக்குக் கேட்டுவிட்டது. "சம்பந்தி! பாத்து!"

"நான் கையால மேல ஏறிப் பிரிக்கிறேன் சம்பந்தி!"

"மனுஷன் ஏறி இடமா சுத்தினா மட்டும் ஆகுமா?"

அதுவும் நியாயம்தான் என்று எனக்கே பட்டது. கேபிளும் அறக் கூடாது, ஆண்டெனாவும் இடமாகப் போகக் கூடாது. மீதி இருக்கிற வழி ஒன்றுதான். கம்பத்தை இறக்கினால் உச்சிக்கும் அறைக்கும் நடுவே தூரம் குறையும், கேபிள் தளரும். வின்ச்சின் பூட்டை விடுவித்தேன்.

"மேஸ்திரி, இன்னா பண்றீங்க? இறக்காதீங்க! உயரமா இருக்கும்போதே கேக்கலை!" மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கேபிள் இருந்தா கம்மியாவாச்சும் கேக்கும். அறுந்தா ஒண்ணுமே கேக்காது. கையை விடுங்க."

பத்து அடி இறக்கினேன். கம்பம் சாயாதபடி மேலே கட்டியிருந்த இழுவைக் கம்பிகள் துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொங்கின. காற்று அடித்தால் எல்லாம் சரிந்துவிடும். இலை அசைகிறதா என்று பார்த்தேன், அசையவில்லை. "ஒரு சுத்துக்குக் கேபிள் இருக்கு டீச்சர், சுத்துங்க!"

ஆண்டெனா வலம் வந்தது. அரோகரா. வடமேற்கைத் தொட்டது. மறுபடி தாண்டியது.

மறுபடி பத்து அடி. இந்த முறை அறைக்குள்ளிருந்து டீச்சர், "யாரது சத்தத்தைக் கூட்டினது?" என்று கேட்டார்.

"யாரும் எதையும் தொடலைம்மா."

"யாரோ தட்டறாங்க. தூரத்துல. இத்தாலியோ என்னவோ."

மகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இறக்கினால் கேட்கிறதா? என் தொழிலில் அப்படி ஒன்று கிடையாது. மனசு "ஏத்து, ஏத்து" என்றது. கை வின்ச்சில் இருந்தது. பிள்ளைகளே, நெருக்கடியில் நம் புத்தி, வருஷக்கணக்காகச் செய்துவந்த காரியத்தையே மறுபடி செய்யச் சொல்லும். காது வேறு ஒன்றைச் சொல்லும். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், டீச்சர் காதை நம்பியது. "அண்ணாமலையாரே" என்று சொல்லிக்கொண்டு இன்னும் இறக்கினேன். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டைக்குச் சமமாக ஆண்டெனா வந்து நின்றது. பார்க்கவே அவமானமாக இருந்தது. சம்பந்தி தன் மாடியில் நின்றபடி ஆண்டெனாவைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார்.

"கடைசிச் சுத்து டீச்சர். இதுக்கு மேல கேபிளும் இல்ல, கம்பமும் இல்ல. சாமியைக் கும்பிடறதுன்னா மனசுக்குள்ள கும்பிடுங்க, கையை எடுக்காதீங்க."

இந்த முறை யாரும் அரோகரா போடவில்லை. தெற்கு. மேற்கு. டீச்சர் சரியான இடத்தில் விரலை எடுத்தார். ஆண்டெனா மலை உச்சிக்கு நேராக நின்றது.

டீச்சர் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டார். டிக்-டா-டிக் என்று அறை நிரம்பியது. அவர் எழுத்து எழுத்தாகக் கேட்டு எங்களுக்குச் சொன்னார். "பெரியவர்தான். என்னைப் பத்தித்தான் பேசறார். பொறுமைசாலியாம் நான். ரேடியோவில ஒருத்தரையும் இடை மறிச்சதே இல்லையாம்." கண் கலங்கினார். "இப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனம்."

சத்தம் நின்றது. ஒரு நாடு முழுக்கக் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டது.

"தட்டுங்க டீச்சர்!" என்றேன்.

டீச்சர் தட்டவில்லை. "அஞ்சலி நடக்குது மேஸ்திரி. மௌனத்துல குறுக்க வரக்கூடாது. ரேடியோவில அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. முடியட்டும்."

"முடிஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிடுவாங்கம்மா, உங்க சத்தம் அதுல காணாம போயிடும்!" மகன் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருக்கோ வெச்ச அஞ்சலின்னா நான் தட்டுவேனாடா? எனக்கு வெச்சதுன்னா மட்டும் தட்டலாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை பார்த்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். "டீச்சர், மௌனம் செத்தவங்களுக்கு வெக்கறது. நீங்க சாகலை. இப்ப நீங்க சும்மா இருந்தா அவங்க சொன்னது நெசமாயிடும். தட்டுங்க!"

டீச்சர் என்னைப் பார்த்தார். கட்டையில் விரலை வைத்தார். லைசென்ஸில் தனக்குக் கொடுத்திருந்த அழைப்புப் பெயரைத் தட்டினார். ஒரே ஒரு தடவை, நிதானமாக. கடைசிக் கோட்டில் வந்து, அதை ஒரு இழுப்பு இழுத்தார்.

ஒன்றும் இல்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஸ்பீக்கரில் தட்டு வந்தது. வேகமாக, கோணல்மாணலாக. டீச்சர் படித்தார். "இறந்தவர்... பெயரைப் பயன்படுத்துவது... யார்." மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தட்டு நின்றது. மறுபடி வந்தது, இப்போது மெதுவாக. டீச்சர் விட்டு விட்டுப் படித்தார். "கடைசியை... அப்படி... இழுப்பவர்... ஒருவர்தான்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஹங்கேரி முழுக்க ஒரே நேரத்தில் தட்டியது. டீச்சர் அழுதுகொண்டே தட்டினார், சிரித்துக்கொண்டே தட்டினார். "வீடு மாத்திட்டேன்னு சொன்னேன்" என்றார் எங்களிடம். கீழே பூக்காரம்மா, "இன்னாங்க சொல்றாங்க?" என்று கத்தினார். "டீச்சர் உசுரோட இருக்காங்கன்னு ஒத்துக்கிட்டாங்க!" என்று மகன் கைப்பிடிச் சுவரில் நின்று கத்தினார். தெரு போட்ட அரோகராவில் தென்னையிலிருந்த குரங்குகள் ஓடின. சம்பந்தி எதிர் மாடியிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் வலமா சுத்தினதுதான்" என்றார்.

கடைசியாகப் பெரியவர் ஒன்று தட்டினார். டீச்சர் கேட்டுவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். இரங்கல் எழுத மூன்று நாள் கஷ்டப்பட்டாராம். வீணாக்க மனசில்லை, பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டாராம். "வெச்சிருங்க, வயசை மட்டும் திருத்திடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் டீச்சர்.

இறக்கினால் ஏன் கேட்டது என்பதை மறுநாள் டீச்சரே ஒரு காகிதத்தில் மலையை வரைந்து கண்டுபிடித்தார். ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதன் பேச்சு தரையை ஒட்டித் தாழ்வாகப் போகும். வெட்டவெளியில் அது நல்லது, வெகுதூரம் போகும். எங்களுக்கு முன்னால் நின்றது மலை. உயர்ந்து நின்ற ஆண்டெனா போய் மலை மார்பில் முட்டிக்கொண்டிருந்தது. இறங்கிய ஆண்டெனா நிமிர்ந்து பேசியது. மலை உச்சிக்கு மேலாகத் தாண்டிப் போனது. "இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன், எனக்கே தோணலை பாருங்க" என்றார். எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வீட்டையும் கம்பத்தையும்தான் பார்த்தோம். எதிரில் இருப்பதைக் கும்பிட்டோமே தவிர, பார்க்கவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். மாடி ஏறியதும் குழாயை எண்ணாதீர்கள். ஆண்டெனா எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு உயரத்தைச் சொல்லுங்கள். மோட்டாருக்குள் ஒரு தடுப்பு இருந்தால், அது எதற்கு என்று தெரியாமல் கழற்றாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கேபிளைத் தாராளமாக விடுங்கள்.

இந்தக் கதை நான் எழுதுவதற்கு முன்னாலேயே ஊரில் சுற்றிவருகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலை ஊரில் ஒரு டீக்கடையில், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் கம்பம் இருநூறு அடி. மலையைப் பார்த்ததும் அது தானாகவே தலை குனிந்து இறங்கியதாம், யாரும் தொடவே இல்லையாம். இன்னொரு பக்கம், ஹாம்காரர்கள் சொல்கிற கதையில் சாமியே கிடையாது. மேஸ்திரி ஒருவர் கணக்குப் போட்டு இறக்கினாராம். நான் எந்தக் கணக்கையும் போடவில்லை. கேபிள் பற்றாமல் இறக்கினேன். கேபிள் பற்றாமல் போனது வலமாகச் சுற்றியதால். வலமாகச் சுற்றியது அண்ணாமலையாருக்காக. இதில் எதை எடுத்துவிட்டாலும் டீச்சர் செத்துப்போய்விடுவார்.

ஆகவே இந்தத் தொழிலில் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். இருந்தபடியே சொல்லுங்கள். சாமியை எடுத்துவிடாதீர்கள், வின்ச்சையும் எடுத்துவிடாதீர்கள். கம்பம் கடைசியில் நின்றது தென்னை மட்டை உயரம். கேட்கிறவர்கள் சப்பென்று இருக்கிறது என்று சொன்னாலும், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், ஒரு அடிகூட ஏற்றாதீர்கள்.